கணவன் கையெழுத்து எப்போது தேவையில்லாமல் போனது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் ஐரோப்பா, அமெரிக்காவில் பெண்களின் உரிமை பற்றியவை. ஓட்டைவிடச் சொத்து, சம்பளம், பிள்ளை ஆகிய மூன்றுக்கே இங்கே அதிக இடம். பெண்கள் கோர்ட்டு வாசலில் அதிகம் நின்றது அவற்றுக்காகத்தான்.

இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தே கிடையாது என்று படித்தேன். தாலி கட்டிய மறுநிமிடம் அவளுடையது எல்லாம் அவனுக்குப் போய்விடுமா? நம்ப முடியவில்லை.
– தென்காசியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

அங்கே தாலி இல்லை, மற்றபடி கிட்டத்தட்ட அப்படித்தான். கவெர்ச்சர் என்பது அந்தக் கோட்பாட்டின் பெயர். புருஷனும் பெண்டாட்டியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள் என்று பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் 1765-ல் எழுதி வைத்தார். அந்த ஒரே ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் எல்லாச் சொத்தும் ஒரே மாதிரி போகவில்லை. ரொக்கம், பாத்திரம், மாடு, மேஜை நாற்காலி எல்லாம் கல்யாணத்தன்றே அவனுக்கு முழுச் சொந்தம். அவன் விற்கலாம், குடிக்கலாம், உயிலில் வேறு யாருக்கும் எழுதலாம். பிறர் அவளுக்குத் தரவேண்டிய கடன் பாக்கியை அவன் வசூலித்துக் கையில் வாங்கிவிட்டால் அவனுடையது. வாங்காமலே செத்துப்போனால் அவளுக்கே திரும்பும். குத்தகை உரிமையை உயிரோடு இருக்கும்போது விற்கலாம், உயிலில் எழுத முடியாது. அவள் அணியும் நகையையும் உடையையும்கூட அவன் உயிரோடு இருக்கையில் விற்கலாம், உயிலில் மட்டும் பிறருக்கு எழுதக் கூடாது.

நிலம் மட்டும் தனி. வாடகையும் விளைச்சலும் நிர்வாகமும் அவனுக்கு. விற்பதற்கு அவள் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் நீதிபதி அவளைத் தனியே அழைத்து, புருஷன் மிரட்டித்தான் ஒப்புக்கொள்கிறாளா என்று விசாரித்த பிறகே ஏற்பார். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சம்பாதித்த கூலி அவனுடையது. அவள் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது, அவன் அனுமதி இல்லாமல் உயில் எழுதவும் முடியாது.

இதெல்லாம் மனைவிக்கு மட்டும்தான். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும் வாங்கலாம், விற்கலாம், வழக்காடலாம். விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள் உரிமை உண்டு. 1215-ன் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்திலேயே, புருஷன் இறந்தபின் 40 நாள் அவன் வீட்டில் தங்கும் உரிமையும், மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விதியும் இருக்கின்றன. நம் ஊரில் கைம்பெண் நிலையை நினைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும். அங்கே சட்டப்படி மிகச் சுதந்திரமான பெண் விதவைதான்.

பணக்காரக் குடும்பங்கள் மகளுக்குக் கொடுத்ததை மருமகன் கையில் அப்படியே விட்டுவிட்டார்களா?
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

விடுவார்களா? கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதி, சொத்தை டிரஸ்டிகள் பெயரில் வைத்துவிடுவார்கள். வருமானம் மகள் கைக்கே போகவேண்டும் என்று நிபந்தனை. சான்சரி என்ற வேறு வகைக் கோர்ட்டு இதை மதித்தது. ஆக ஒரே நாட்டில் இரண்டு கோர்ட்டு, இரண்டு சட்டம்.

ஓட்டை எங்கே விழுந்தது என்றால், மருமகன் மகளைக் கெஞ்சியோ அடித்தோ கையெழுத்து வாங்கிவிடுவான். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள். வரப்போகும் வருமானத்தை அவளே நினைத்தாலும் முன்கூட்டி விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்ற நிபந்தனை அது. புருஷனிடமிருந்து பாதுகாத்தது, அவளுக்கே அவசரம் வந்தாலும் தொட விடவில்லை. இந்தப் பூட்டை முழுசாக எடுத்தது 1949-ல்தான். வக்கீலுக்கும் பத்திரத்துக்கும் செலவழிக்க வழியில்லாத குடும்பங்களுக்கு இது எதுவுமே கிடையாது. துணி ஆலையில் வேலை செய்தவளின் வாரக்கூலியைக் குடிகாரப் புருஷன் முதலாளியிடம் போய் வாங்கிக்கொள்ள முடிந்தது இதனால்தான்.

கரோலின் நார்ட்டன் யார்? அவர் ஏன் முக்கியம்?
– சேலத்திலிருந்து ஓர் ஆசிரியை

எழுத்தாளர். 1827-ல் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வழக்கறிஞரை மணந்தார், அடிபட்டார், 1836-ல் பிரிந்தார். அதே வருடம் கணவன், பிரதமர் மெல்பர்ன் பிரபு தன் மனைவியோடு தகாத உறவு வைத்திருந்ததாக நஷ்டஈடு வழக்குப் போட்டான். ஜூரி அதைத் தள்ளிவிட்டது. கவனியுங்கள்: யாருடைய நடத்தை பற்றிய வழக்கோ அந்தப் பெண் அதில் கட்சிக்காரரே இல்லை. வாய் திறக்க அவருக்கு இடம் இல்லை. மூன்று மகன்களையும் கணவன் வைத்துக்கொண்டான், தாய்க்குப் பார்க்கக்கூட உரிமை இல்லை.

அவர் எழுதி, அச்சடித்து, எம்.பி.க்களைப் பிடித்து 1839-ல் குழந்தைகள் பொறுப்புச் சட்டம் வரக் காரணமானார். அதன்படி 7 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தன்னிடம் தரும்படி தாய் சான்சரி கோர்ட்டில் கேட்கலாம், பெரிய பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கேட்கலாம். கள்ள உறவு நிரூபிக்கப்பட்டவளுக்கு இரண்டும் கிடையாது. அது வந்தும் அவருக்கே உடனடிப் பலன் இல்லை. கணவன் பிள்ளைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டான், சான்சரியின் கை அங்கே எட்டாது. கடைசி மகன் 1842-ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான்.

பிறகு பணத் தகராறு. மாதாந்திரச் செலவுக்கு எழுதிக்கொடுத்த உடன்படிக்கையைக் கணவன் மீறினான். மனைவியோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது, இருவரும் ஒரே ஆள்தானே என்பது அவன் வாதம். சரி, அப்படியானால் என் கடனும் உன் கடன்தான் என்று அவர் கடன்காரர்களை அவனிடம் அனுப்பினார். 1853-ல் ஒரு குதிரைவண்டிப் பட்டறைக்காரர் தன் பாக்கிக்காக அவன்மேல் வழக்குத் தொடுத்தார். பதிலுக்கு அவன் கரோலினுடைய பதிப்பாளர்களையும் சாட்சிக்கு இழுத்தான். புத்தக வருமானம் எவ்வளவு என்று தெரிந்தால் அதையும் கேட்கலாமே! 1855-ல் விக்டோரியா ராணிக்குப் பகிரங்கக் கடிதமாக அவர் எழுதிய சிறுநூல், 1857 விவாகரத்துச் சட்ட விவாதத்தில் எதிரொலித்தது.

அந்த 1857 சட்டத்தைச் சிலர் கொண்டாடுவதைப் பார்க்கிறோம். முன்பு ஒவ்வொரு விவாகரத்துக்கும் பார்லிமெண்டில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படிப் பெற்ற பெண்கள் மொத்தமே 4 பேர். 1857-க்குப் பிறகு கோர்ட்டு உண்டு, ஆனால் லண்டனில் மட்டும். கணவனுக்கு மனைவியின் கள்ள உறவை நிரூபித்தால் போதும். மனைவிக்கு அது போதாது; கூடவே கொடுமை, அல்லது 2 வருடம் கைவிட்டது, அல்லது இரண்டாம் கல்யாணம், இப்படி இன்னொன்றும் வேண்டும். இந்த ஓரவஞ்சனை 1923-ல்தான் போயிற்று. எங்கள் கணக்கில் அந்தச் சட்டத்தின் உருப்படியான பகுதி வேறு: கைவிடப்பட்ட மனைவி மாஜிஸ்திரேட்டிடம் ஓர் உத்தரவு வாங்கினால், அதன்பின் அவள் சம்பாதிப்பதைப் புருஷனோ அவன் கடன்காரனோ தொட முடியாது. ஏழைப் பெண்ணுக்கும் எட்டும் விஷயம் அது.

1870 சட்டம், 1882 சட்டம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?
– சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

இரண்டுமே இங்கிலாந்தின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள். 1870 அரைகுறை. மனைவியின் கூலி, அந்தக் கூலியில் சேமித்த வங்கிப் பணம், உயில் இல்லாமல் இறந்த உறவினரிடமிருந்து வந்த அசையும் சொத்து, உயில் வழியாக வந்தால் 200 பவுண்டுக்கு மேற்படாத தொகை, இவ்வளவுதான் அவளுடையது. கல்யாணத்துக்கு முன் கையில் இருந்த பணம் பழையபடி அவனுக்கு. இதில் ஒரு கேலிக்கூத்தும் நடந்தது. அவள் கல்யாணத்துக்கு முன் வாங்கிய கடனுக்குக் கணவன் பொறுப்பில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. சொத்தோ அவன் கையில். கடன் கொடுத்தவர் யாரிடம் போவார்? கடன் இருந்தால் கல்யாணம் பண்ணிக்கொண்டால் போதும் என்றாகிவிட, 1874-ல் அவசரமாகத் திருத்தினார்கள்.

சட்டம் வந்த பிறகும் பழைய வழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு ஒரு பர்ஸ் போதும். 1870-களில் பெண் உரிமைப் போராளி மில்லிசென்ட் ஃபாசெட்டின் பர்ஸை ஒருவன் திருடிப் பிடிபட்டான். குற்றப்பத்திரிகையில் இருந்த வாசகம்: மில்லிசென்ட் ஃபாசெட்டிடமிருந்து, 1 பவுண்டு 18 ஷில்லிங் 6 பென்ஸ் அடங்கிய, ஹென்றி ஃபாசெட்டுக்குச் சொந்தமான பர்ஸைத் திருடியது. திருட்டுக்குத் தன்னையே பிடித்த மாதிரி இருந்தது என்றார் அந்த அம்மையார்.

1882 சட்டம் 1883 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. டிரஸ்டி யாரும் இல்லாமலே கல்யாணமாகாத பெண்ணைப் போல் வாங்க, வைத்திருக்க, விற்க, உயில் எழுத முடியும். பரீட்சையில் விடுபடும் இடம் ஒன்று: அந்தத் தேதிக்குப் பின் மணந்தவளுக்கு முன்பு இருந்த சொத்தும் சேர்த்து எல்லாம் அவளுடையது, அதற்கு முன்பே மணந்தவளுக்கு அந்தத் தேதிக்குப் பின் வந்து சேர்ந்தது மட்டும்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1943-ல் பிளாக்வெல் வழக்கு. வீட்டுச் செலவுக்குக் கணவர் கொடுத்த பணத்தில் சிக்கனம் பிடித்து மனைவி கூட்டுறவுச் சங்கத்தில் 103 பவுண்டு சேர்த்திருந்தார். சிறுவாட்டுப் பணம் யாருடையது? கணவருடையது என்றது அப்பீல் கோர்ட்டு, அவர் கொடுத்த பணத்தின் மிச்சம்தானே என்று. 1964-ல் சட்டம் போட்டு ஆளுக்குப் பாதி என்று ஆக்கினார்கள். வருமான வரிக் கணக்கிலோ மனைவியின் வருமானம் கணவனுடைய வருமானமாகவே 1990 ஏப்ரல் வரை எண்ணப்பட்டது.

கிரேக்க, ரோமானியக் காலத்தில் அடிமை போல இருந்த பெண், படிப்படியாக முன்னேறி இன்றைய நிலைக்கு வந்தாள் என்பது சரியா?
– புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்

படிப்படியாக என்பது சரியில்லை. ஏறி இறங்கி ஏறியிருக்கிறாள்.

கிரீட் தீவில் கோர்ட்டின் என்ற ஊரில் கி.மு. 5-ஆம் நூற்றாண்டுச் சட்டம் சுவரில் வெட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. விவாகரத்தானால் மனைவி தான் கொண்டுவந்த சொத்தோடும், அதன் விளைச்சலில் பாதியோடும், தான் நெய்த துணியில் பாதியோடும் போகலாம். தப்பு புருஷனுடையது என்றால் அவன் 5 ஸ்டேட்டர் காசு கூடக் கொடுக்க வேண்டும். மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. அதே காலத்து ஏதென்ஸில் ஒரு மெடிம்னோஸ் அளவு பார்லியின் மதிப்புக்கு மேல் பெண் வியாபாரம் செய்யக் கூடாது. ஆனால் அங்கேயும் விவாகரத்தில் வரதட்சணையைத் திருப்பித் தராத புருஷனுக்கு வருடம் 18 சதவீத வட்டி.

ரோமில் ஆரம்பத்தில் கல்யாணமானவள் கணவன் அதிகாரத்துக்குப் போனாள். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே அந்த அதிகாரம் தானாக வந்துவிடும். அதைத் தடுக்கப் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே வழி இருந்தது: வருடத்துக்கு மூன்று இரவு தொடர்ந்து வேறு வீட்டில் தங்கிவிட வேண்டும். பின்னாளில் கணவன் அதிகாரமே இல்லாத கல்யாணம் வழக்கமாகி, மனைவியின் சொத்து தனியாகவே நின்றது. புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய அன்பளிப்பு செல்லாது என்றும் வைத்தார்கள், ஏமாற்றிப் பிடுங்காமல் இருக்க. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் 3 பிள்ளை பெற்றவளுக்குக் காப்பாளர் தேவையில்லை. 1850-ன் லண்டன் மனைவிக்கு இது எட்டாத கனவு.

இறக்கத்துக்குப் பிரான்ஸ் நல்ல உதாரணம். புரட்சி 1792-ல் பரஸ்பர சம்மத விவாகரத்தைக் கொடுத்தது. நெப்போலியனின் 1804 சட்டத்தொகுப்பு அதைக் குறுக்கி, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 213-ஆம் பிரிவில் எழுதியது. 1816-ல் விவாகரத்தே ஒழிந்தது, திரும்ப வர 1884 ஆயிற்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் இதே கதை. 1776 அரசியல் சட்டம் 50 பவுண்டு மதிப்புச் சொத்துள்ள எல்லாக் குடிகளுக்கும் ஓட்டு என்றதால் பெண்களும் போட்டார்கள். மனைவிக்குச் சொத்து கிடையாது என்பதால் விதவைகளும் கன்னிப் பெண்களும்தான் பெரும்பாலும் வரிசையில் நின்றார்கள். 1807-ல் அதைப் பறித்துவிட்டார்கள்.

1974 வரை அமெரிக்கப் பெண்கள் வங்கிக் கணக்கே தொடங்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– கோவையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்

தவறு. கணக்கு தொடங்கத் தடை இருக்கவில்லை. அதற்கு நூறு வருடம் முன்பே பல மாநிலங்களில் மனைவிக்குச் சொத்துரிமை உண்டு, நியூயார்க்கில் 1848-லிருந்தே. 1974-ல் வந்தது கடன் பற்றிய சட்டம். அதுவரை கிரெடிட் கார்டோ வீட்டுக் கடனோ கேட்ட பெண்ணிடம் கணவன் கையெழுத்து கேட்பதும், அவள் சம்பளத்தில் பாதியைக் கணக்கில் விடுவதும், பிள்ளை பெறும் உத்தேசம் உண்டா என்று விசாரிப்பதும் சகஜம். பாலினமும் மண நிலையும் பார்த்துக் கடன் மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். தொழில் கடனுக்கு ஆண் உறவினர் கையெழுத்து கேட்ட மாநில விதிகள் 1988-ல் நீங்கின.

அந்த வாட்ஸ்அப் வாசகம் உண்மையில் பொருந்துவது பிரான்ஸுக்கு. அங்கே மணமான பெண் கணவன் சம்மதமின்றித் தன் பெயரில் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் வழி செய்தது 1965 ஜூலை 13 சட்டம்.

சுவிட்சர்லாந்து ஏன் 1971 வரை பெண்களுக்கு ஓட்டு தரவில்லை? படித்த நாடுதானே?
– சென்னை, அண்ணாநகர் வாசகி

அங்கே பார்லிமெண்ட் மட்டும் நினைத்தால் போதாது, பொது வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும். வாக்களிப்பவர்கள் ஆண்கள். 1959-ல் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் வேண்டாம் என்றார்கள், 1971 பிப்ரவரியில் ஏறக்குறைய அதே பங்கு சரி என்றார்கள். அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறு மாநிலம் அதன்பிறகும் தன் உள்ளூர்த் தேர்தலில் பெண்களை விடவில்லை. ஊர்ப் பொதுவில் கூடிக் கை தூக்கி வாக்களிக்கும் இடம் அது. ஆண்கள் இடுப்பில் செருகிய வாளே வாக்காளர் அடையாளம். 1990 நவம்பரில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தலையிட்டு முடித்து வைத்தது.

வெளிநாட்டவரை மணந்தால் பெண்ணின் குடியுரிமை போய்விடும் என்று சட்டம் இருந்ததா?
– சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி

இருந்தது. பிரிட்டனில் 1870 முதல் 1948 சட்டம் வரும்வரை. 1914-ல் போர் மூண்டதும், ஜெர்மானியரை மணந்த இங்கிலாந்துப் பெண்கள் சொந்த ஊரிலேயே எதிரி நாட்டார் ஆனார்கள். அமெரிக்காவில் 1907-ல் அதே விதி. 1922-ல் தளர்த்தியபோதும், குடியுரிமை பெறத் தகுதியற்றவரை மணந்தால் போய்விடும் என்று வைத்தார்கள். அதாவது ஆசியரை மணந்தால். இந்தியர்கள் தகுதியற்றவர்கள் என்று 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், இந்தியரை மணந்த அமெரிக்கப் பெண்களும் இதில் மாட்டினார்கள். 1931-ல் நீங்கியது.

யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சீதனக் காணியை விற்க அப்பாவின் ஒப்பம் கேட்கிறார்கள். இது வெள்ளைக்காரன் சட்டமா?
– டொரொண்டோவிலிருந்து ஒரு வாசகர்

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம். தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கான 1911-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மனைவிக்குத் தனிச் சொத்து உண்டு என்று ஒப்புக்கொண்டே, காணி போன்ற அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது. நகை, ரொக்கத்துக்கு அது தேவையில்லை. உயில் எழுதவும் தேவையில்லை. இங்கிலாந்தின் 1882 சட்ட வழியில் இலங்கைக்கு 1923-ல் ஒரு மணமான பெண்கள் சொத்துச் சட்டம் வந்தது. தேசவழமைக்கு உட்பட்டவர்களை அது விட்டுவிட்டது.

சம்மதம் எழுத்தில், உறுதியிலேயே (விற்பனைப் பத்திரத்திலேயே) இருப்பது நல்லது. அவர் கைவிட்டுப் போயிருந்தால், பிரிந்து வாழ்ந்தால், அல்லது காரணமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து சம்மதத்துக்குப் பதில் உத்தரவு பெறலாம். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போகுமுன் இதை முடித்துக்கொள்ளுங்கள். சம்மதமில்லாத உறுதியை வாங்கியவர் பிறகு கோர்ட்டுக்கு அலைவார்.

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் எம்.டபிள்யூ.பி. படிவம் என்று ஒன்றைக் காட்டினார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– ஈரோட்டிலிருந்து ஒரு சிறுதொழில் முனைவோர்

நேரடி ரத்த சம்பந்தம். 1870 இங்கிலாந்துச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, மனைவி மக்களுக்காகக் கணவன் எடுக்கும் ஆயுள் காப்பீட்டைக் கடன்காரரிடமிருந்து காத்தது. அதைப் பார்த்து எழுதியதுதான் 1874-ன் இந்திய மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. எம்.டபிள்யூ.பி. என்பது அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். முதலில் இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள், சமணர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 6-ஆம் பிரிவு இந்துக்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்திருந்ததால், 1923 திருத்தம் வந்தபோது மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு என்றும், சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே என்றும் தேதி போட்டார்கள்.

உங்களுக்கு வேண்டிய விவரம்: மணமான ஆண் தன் உயிர்மேல் எடுக்கும் பாலிசி மட்டுமே இதில் வரும். பயனாளி மனைவி, பிள்ளைகள், அல்லது இருவரும்; பெற்றோரைச் சேர்க்க முடியாது. பிரபோசல் கொடுக்கும்போதே படிவத்தை இணைத்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, டிரஸ்டி பெயரையும் போடுங்கள். பாலிசி வந்த பிறகு சேர்க்க வழியில்லை. வெறும் நாமினேஷன் இதற்கு ஈடாகாது, கடன்காரர் கேட்டால் அது நிற்காது.

எடுத்தபின் அந்தப் பணம் உங்களுடையதல்ல. அதன்மேல் கடன் வாங்குவதோ சரண்டர் செய்வதோ உங்கள் இஷ்டப்படி நடக்காது. பயனாளியை மாற்றவும் முடியாது. தொழில் நொடித்து ஜப்தி வந்தாலும் அதைத் தொட முடியாது, ஒரே விலக்கோடு: கடன்காரரை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால், பாலிசிப் பணத்திலிருந்தே தங்கள் பாக்கியை அவர்கள் கேட்கலாம். ஆகவே கடன் தலைக்குமேல் போனபின் அல்ல, தொழில் நன்றாக ஓடும்போதே எடுத்து வையுங்கள்.